வண்டியின் தரப்பு

பிப்ரவரி 9

காலையில் மில்லில் இருந்து போன். ஒடிசாவில் இருந்து வேலைக்கு வந்த பையன் ஒருவன் இறந்துவிட்டான். நெஞ்சு வலி என்றார் மேனேஜர். அந்த மில்லில் இருபது வயதுக்காரர்களுக்கு நெஞ்சு வலி அடிக்கடி வருகிறது. உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும், அமரர் ஊர்தி வேண்டும் என்றார்.

இந்த வட்டாரத்தில் அவ்வளவு தூரம் போகிற வண்டி என்னுடையது ஒன்றுதான். மற்றவர்கள் மாட்டேன் என்பார்கள். மொழி தெரியாத மலைக்காடு, வரும்போது வெறும் வண்டி. என் மச்சினன் மொக்கராசு மட்டும் ஒடிசா என்றால் குளித்துத் திருநீறு பூசி வந்து நிற்பான். தொழில் பக்தி.

எங்கள் பக்கம் வாடகை வண்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. போகிற வாடகை ஓனருக்கு, ரிட்டன் கிடைத்தால் டிரைவருக்கு. ரிட்டனில் என்ன ஏற்றினாய், என்ன கிடைத்தது என்று ஓனர் கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாள் சாவி மேஜை மேல் இருக்கும், டிரைவர் வேறு வண்டியில் இருப்பான். தக்காளி லாரிக்கு ஏற்பட்ட வழக்கம் இது. அமரர் ஊர்திக்கும் பொருந்தும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிணத்தை இறக்கிவிட்டு வரும் வண்டியில் யார் என்ன ஏற்றுவார்கள் என்று யாராவது கேட்கலாம். நான் கேட்டதில்லை.

என் மனைவி போதுமணி தம்பிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். இறந்த பையனின் பெரியப்பா மகன் ஒருவன் துணைக்கு ஏறிக்கொண்டான். மதியம் கிளம்பினார்கள்.

பிப்ரவரி 11

கீழத்தெருவில் ஒரு துட்டி வீட்டுக்குப் பிணம் வைக்க ஃப்ரீசர் பாக்ஸ் கொடுத்தேன். குளிரவில்லை என்று இரண்டு முறை போன் செய்தார்கள். வருகிறவர்களெல்லாம் மூடியைத் திறந்து முகம் பார்த்தால் எப்படிக் குளிரும். வீட்டுக் கரண்ட் பில் கட்டினேன்.

வண்டியில் இருக்கும் பெட்டியை மொக்கராசு ரிட்டனிலும் ஓடவிட்டுக்கொண்டே வருவான். டீசல் வீண்தானே என்று ஒரு தடவை சொன்னேன். "நிப்பாட்டுனா வாடை வந்துரும் மாமா" என்றான். வாடை விஷயத்தில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். வந்தவுடன் வண்டியை அவனே கழுவி நிறுத்திவிடுவான். ரிட்டன் வந்த வண்டியை நான் தொடுவதில்லை.

பிப்ரவரி 15

சோதனைச் சாவடியில் வண்டியைப் பிடித்துவிட்டார்கள். ஃப்ரீசர் பாக்ஸுக்குள் பதினெட்டு கிலோ கஞ்சா. மொக்கராசு ரிமாண்ட்.

போதுமணி சாப்பிடவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் என்று எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அந்தச் சொல்லே இருக்கட்டும்.

பிப்ரவரி 16

ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு தங்கப்பாண்டி பழக்கமானவர். கேட்பாரற்ற பிணங்களுக்கு என்னைத்தான் கூப்பிடுவார். பல வருடமாக என்னை 'அமரர்' என்றே அழைக்கிறார்.

"வாங்க அமரர். ஒக்காருங்க. ஒங்க வண்டியப் பாத்தா நம்மாளுக யாரும் கிட்டப் போகமாட்டாய்ங்க. தூரத்துல வரும்போதே கம்பியத் தூக்கிருவாய்ங்க. அது ஒங்களுக்கும் தெரியும், ஒங்க மச்சினனுக்கும் தெரியும்."

"பிறகு எப்படி?"

"புதுசா ஒரு பய வந்துருக்கான், தஞ்சாவூர்ப் பக்கம். ரொம்ப மரியாதக்காரன். தொப்பியக் கழட்டி ஒரு கும்புடு போட்டுருக்கான். அதோட விட்டானா? கூட வந்த சொந்தபந்தத்துக்கு ரெண்டு வார்த்த ஆறுதல் சொல்லுவோம்னு சன்னல்ல எட்டிப் பாத்துருக்கான். முன்னாடி புது மாலை தொங்குது, பெட்டி ஓடுது. அழுகுறதுக்கு ஒரு ஆள் இல்ல. 'பொணத்தத் தனியாவா விடுவாக, கூட யாருண்ணே?'ன்னு கேட்டுருக்கான். ஒங்க மச்சினன் முழிச்சான் பாருங்க."

மாலைக்குச் செலவு செய்தவன் அழுவதற்கும் ஓர் ஆளைக் கூலிக்கு ஏற்றியிருக்கலாம். இதை நான் தங்கப்பாண்டியிடம் சொல்லவில்லை.

"வண்டி எப்பக் கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"மச்சினன் எப்பக் கெடைப்பான்னு கேக்கமாட்டீகளா?"

"அதையும் கேக்கத்தான் வந்தேன்."

வண்டி ஸ்டேஷன் முற்றத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நம்பர் பிளேட்டுக்குக் கீழே சுண்ணாம்பால் குற்ற எண் எழுதியிருக்கிறார்கள். மாலையை இன்னும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 27

மதுரைக்குப் போய் வக்கீல் ஆரோக்கிய நிர்மலாவைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். தேவையில்லாத ஆறுதல் சொல்லும் பழக்கம் இல்லாதவர்.

"கஞ்சா ஏத்துன வண்டிய அரசு பறிமுதல் பண்ணலாம் சார். கூடாதுன்னா ஓனர்தான் நிரூபிக்கணும். தனக்குத் தெரியாது, தன்னோட ஏஜென்ட்டுக்குத் தெரியாது, வண்டிய ஓட்டுனவருக்கும் தெரியாது. மூணையும் காட்டணும். அதோட, எல்லாரும் தகுந்த முன்னெச்சரிக்கையா இருந்தாங்கன்னும் காட்டணும்."

"ஓட்டுனவனுக்குத் தெரிஞ்சு, எனக்குத் தெரியாம இருந்தா?"

"வண்டி போயிரும்."

"நான் ஒண்ணுமே செய்யலைன்னாலும்?"

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு இந்தப் பிரிவு கேக்கல சார். வண்டி என்ன செஞ்சுச்சுன்னு கேக்குது."

சட்டப் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாகனம் மட்டும் இல்லை, விலங்கும் சேர்த்தி. கழுதை கஞ்சா சுமந்தால் கழுதையும் பறிமுதல். நான் வரலாறு படித்தவன், பட்டம் வாங்கிய பிறகும் படிப்பதை விடாதவன். பழைய இங்கிலாந்தில் ஒருவன் மேல் வண்டி ஏறி அவன் செத்தால் வண்டி அரசனுக்குப் போய்விடும். பிரான்சில் பன்றிகளைக் கூண்டில் ஏற்றி விசாரித்திருக்கிறார்கள், வழக்காட வக்கீலும் கொடுத்திருக்கிறார்கள். என் வண்டிக்கு நான்தான் வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவில் நாகரிகம் பின்னுக்குப் போயிருக்கிறது.

ஒருவன் கொலை செய்தான் என்றால் அரசு நிரூபிக்க வேண்டும். எனக்கு ஒன்று தெரியாது என்பதை நான் நிரூபிக்க வேண்டும். தெரியாமைக்கு எங்கே போய்ச் சாட்சி பிடிப்பது? தெரிந்ததற்குச் சாட்சி சுலபமாகக் கிடைக்கும்.

"வண்டி டியூ யார் கட்டுறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

கடன் என் பெயரில் இருக்கிறது. போன வருடம் சில மாதங்கள் மொக்கராசு தன் ரிட்டனில் இருந்து கட்டினான். அக்காள் வீட்டுக்காரன் கஷ்டப்படக் கூடாது என்கிற பாசம். வக்கீலிடம் குடும்பப் பாசத்தை எல்லாம் விவரிப்பானேன்.

கடைசியாக, "ரெண்டு மனு போடணும். ஒண்ணு அவருக்கு ஜாமீன். இன்னொண்ணு வழக்கு முடியுற வரைக்கும் வண்டிய உங்க பொறுப்புல விடச் சொல்லி. எதை முதல்ல போடட்டும்?" என்றார்.

வண்டி வந்தால் ஓடும். ஓடினால் வருமானம் வரும். வருமானம் வந்தால் ஜாமீனுக்கு நல்ல வக்கீலாகவே வைக்கலாம். யோசித்தால் யாருக்கும் விளங்கும்.

வீட்டுக்கு வந்ததும் போதுமணி வாசலிலேயே கேட்டாள். "மனு போட்டாச்சாங்க?"

"போட்டாச்சு" என்றேன். உண்மைதான்.

மார்ச் 19

மனு வாய்தா.

ஏப்ரல் 3

வாய்தா. அரசு வக்கீலுக்கு அம்மை. ஃப்ரீசர் பாக்ஸ் கம்ப்ரஸர் மாற்றினேன்.

ஏப்ரல் 12

சிறையில் மனு எழுதிக் கொடுத்து மொக்கராசைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் ஐம்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்திபோல் இருந்தது. பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொடுத்தேன்.

"அக்கா எப்பிடி இருக்கு மாமா?"

"இருக்கா."

"வண்டிய வெயில்லயா போட்டுருக்காய்ங்க? டயரு வெடிச்சுப் போகும் மாமா. மரத்தடியா இருந்தாலும் வேப்பம்பழம் விழுந்து பெயிண்ட் போயிரும். ஒரு தார்ப்பாய் குடுங்க."

சரி என்றேன். பிறகு வலைக்கு மிக அருகில் வந்து, "மாமா, ஒங்களப் பத்தி நான் வாயத் தொறக்கல" என்றான்.

என்னைப் பற்றிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அவனிடம் கேட்டிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

அவன் இளைத்திருக்கிறான். இருபத்தொன்பது வயது. அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். முதலில் கிளட்ச், பிறகு மரியாதை, பிறகுதான் வேகம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஜூன் 5

வண்டி மனு தள்ளுபடி. வெளியே விட்டால் வண்டி மறுபடியும் அதே குற்றத்தில் ஈடுபடக்கூடும் என்று அரசு வக்கீல் வாதாடினார். நீதிபதி தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். என் வண்டியின் குணத்தைப் பற்றி யாரும் இவ்வளவு தீவிரமாகப் பேசி நான் கேட்டதில்லை. சாலையோரம் வழிதவறி நிற்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

ஜாமீன் மனுவும் போடச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 23

தங்கப்பாண்டி போன் செய்தார். குரலில் சங்கடம்.

"அமரர், ஒரு ஒதவி. வண்டி மூஞ்சி ஸ்டேஷன் வாசலப் பாத்து நிக்குது. வந்ததுல இருந்து இன்ஸ்பெக்டருக்கு அல்சர், ரைட்டருக்குக் கால் முறிவு, நேத்து எஸ்.ஐ. மாமனாரு போயிட்டாரு. அய்யா தெனமும் அது மொகத்துலதான் முழிக்கிறாரு. கொஞ்சம் வந்து திருப்பி நிறுத்திட்டுப் போறீகளா?"

"நீங்களே திருப்பிக்கலாமே."

"எவன் உள்ள ஏறி ஒக்காருவான்?"

போனேன். சாவி போடப் போகும்போது ரைட்டர் கட்டுப்போட்ட காலோடு நொண்டி வந்து தடுத்தார். அது வழக்குச் சொத்து. கோர்ட் உத்தரவு இல்லாமல் ஒரு அடி நகர்த்தினாலும் தடயத்தைக் கலைத்ததாகும். உத்தரவு கேட்டால், எதற்குத் திருப்ப வேண்டும் என்று கோர்ட் கேட்கும். காரணம் எழுத முடியாது. கடைசியில் வண்டியின் முகத்துக்கு மேல் ஒரு பழைய ஜமுக்காளத்தைப் போர்த்தி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். சட்டத்துக்கும் பயத்துக்கும் சமரசம் ஏற்பட்டது. ஜமுக்காளம் என் செலவு.

ஜூலை 30

ஜாமீன் தள்ளுபடி. சரக்கு வெளிமாநிலத்தது, கொடுத்தவன் இன்னும் பிடிபடவில்லை என்று காரணம். ஹைகோர்ட்டில் போட்டால் கிடைக்கும் என்றார் வக்கீல். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வண்டி விஷயமும் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய நான் என்ன அரசாங்கமா.

வாடகைக்குப் பக்கத்து ஊர் ராஜபிரபுவின் வண்டியை ஏற்பாடு செய்துகொடுத்து கமிஷன் வாங்குகிறேன். அவன் வண்டியில் பாட்டுப் போடும் வசதி இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 18

மொக்கராசுக்கு இப்போது இலவசச் சட்ட உதவியில் தனி வக்கீல். ஓனருக்கும் டிரைவருக்கும் ஒரே வக்கீல் இருப்பது நல்லதில்லை என்று நிர்மலாதான் பிரித்துவிட்டார். அந்தப் புது வக்கீல் அவனிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். குற்றத்தை ஒத்துக்கொள், இவ்வளவு நாள் உள்ளே இருந்ததையும் கழித்துக் குறைந்த தண்டனையாக வாங்கித் தருகிறேன், தைப் பொங்கலுக்கு வீட்டில் இருக்கலாம்.

போதுமணி போன வாரம் தம்பியைப் பார்த்துவிட்டு வந்ததில் இருந்து இதே பேச்சு.

"ஒத்துக்கிட்டு வரட்டுங்க."

"ஒத்துக்கிட்டாக் குற்றவாளின்னு பேரு வந்துரும்."

"இப்ப மட்டும் கலெக்டர்னா பேரு இருக்கு?"

நிர்மலாவுக்குப் போன் செய்து கேட்டேன். சுருக்கமாகச் சொன்னார். டிரைவர் தெரியும் என்று ஒத்துக்கொண்ட நிமிடம், வண்டி அரசாங்கத்துடையது. அப்புறம் நான் ஒன்றையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

"முடிவு அவரோடது சார். நான் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லக் கூடாது" என்றார்.

ஆகஸ்ட் 25

மொக்கராசைப் பார்த்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். கண்கள் மங்கலாக இருந்தன.

"மாப்ள, தெரியாதுங்கறதுலயே நில்லு" என்றேன்.

"எனக்குத் தெரியும்ல மாமா."

"கோர்ட்டுக்குத் தெரியாதுல்ல. பெட்டிக்குள்ள எவனோ வச்சுட்டான்னு நில்லு. தஞ்சாவூர்க்காரன் எழுதுன பறிமுதல் மகஜர்ல ஆயிரம் ஓட்டை இருக்காம். நீ தெரியும்னு சொன்னா, வண்டி போச்சு."

"எத்தன நாளு மாமா?"

"ரெண்டு வாய்தா. கூடுனா மூணு."

வலையைப் பிடித்துக்கொண்டான். "சரி மாமா. அந்த வண்டி போச்சுன்னா எனக்கும்தான வலிக்கும். பாதி டியூ நான் கட்டுனது."

சத்தமாகப் பேசாதே என்றேன்.

குடும்பப் பெயர் கெடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். அவனுக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆக வேண்டும். தண்டனை பெற்றவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வழி நெடுக இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஊர் வரும்போது அது முழுக்க உண்மையாகியிருந்தது.

அவனே அப்படி முடிவு செய்துவிட்டான் என்று போதுமணியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

செப்டம்பர் 16

வாய்தா.

அக்டோபர் 28

வாய்தா. சாட்சி வரவில்லை. தஞ்சாவூர்க்காரன் இப்போது ராமநாதபுரத்தில்.

டிசம்பர் 2

வாய்தா. நீதிபதி மாறுதல். புது நீதிபதி ஆரம்பத்தில் இருந்து படிக்க வேண்டுமாம்.

ஜனவரி 16

பொங்கல் கழிந்தது. கடைவீதியில் தங்கப்பாண்டியைப் பார்த்தேன். போன மாசியில் இதே சாவடியில் பைக்கில் இதே அளவு சரக்கோடு பிடிபட்டவன் ஒருவன் ஒத்துக்கொண்டு, போகிக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டானாம். "வெள்ளையடிச்சுக்கிட்டு இருக்கான் பாத்தீகளா, அந்தா" என்று கையைக் காட்டினார். பார்த்தேன். ஏணியில் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் அடித்தான்.

போதுமணியிடம் இதைச் சொல்லவில்லை. தெரு முழுக்கத் தெரிந்த செய்தியை நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 22

மொக்கராசுக்குக் காய்ச்சல் என்று தகவல். சிறை மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

மார்ச் 3

அரசு மருத்துவமனைக்கு மாற்றியிருக்கிறார்கள். மஞ்சள் காமாலை முற்றியிருக்கிறது. கட்டிலோடு சங்கிலி. போதுமணி உள்ளே போனாள். கைதி வார்டில் ஒருவரைத்தான் விடுவார்கள் என்றதால் நான் வெளியே இருந்தேன். ஒருவரை என்றால் மாற்றி மாற்றிப் போகலாம் என்று காவலர் சொன்னார். அதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது.

மார்ச் 6

மொக்கராசு இறந்துவிட்டான்.

மார்ச் 7

பிரேதப் பரிசோதனை முடிந்து மாலையில் கொடுத்தார்கள். அரசின் இலவச அமரர் ஊர்தி. நல்ல வண்டி, பராமரிப்புப் பரவாயில்லை. டிரைவர் சின்ன வயது. "கூட ஒரு சொந்தக்காரர் பின்னால ஒக்காரணும் சார், ரூல்ஸ்" என்றான். உட்கார்ந்தேன்.

சோதனைச் சாவடியில் கம்பியைத் தூக்கினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். சன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் இருந்தேன்.

மார்ச் 21

பதினாறாம் நாள் காரியம். ராஜபிரபு வந்திருந்தான். செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தொழில் தர்மம் தெரிந்தவன்.

ஏப்ரல் 10

நிர்மலாவைப் பார்த்தேன். எழுந்து நின்று, "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"இறந்தவர் மேல வழக்கு இல்ல. அது முடிஞ்சிருச்சு. வண்டி மேல இருக்குற விசாரணை முடியல. ஆளுக்குத் தண்டனை கிடைச்சாலும், விடுதலை ஆனாலும், வண்டியைப் பத்திக் கோர்ட் தனியா முடிவு பண்ணணும். இனிமே வண்டி ஒண்ணுதான் பாக்கி."

ஆக, வழக்கில் மிஞ்சி நிற்கும் ஒரே எதிரி, குற்றம் சாட்டப்பட்ட தரப்பு, என் வண்டி. நான்கு டயரோடு தனியாக நிற்கிறது.

"நமக்கு இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "டிரைவருக்குத் தெரியாதுன்னு நீங்க கூண்டுல ஏறிச் சொல்லணும். 'இல்ல, தெரியும்'னு சொல்றதுக்கு இப்ப யாரும் இல்ல."

ஜூன் 19

சாட்சி சொன்னேன். கூண்டு உயரமாக இருந்தது. சட்டை புதிது.

அரசு வக்கீல் இளைஞர். "ரிட்டன்ல என்ன ஏத்துறான்னு நீங்க கேக்கவே மாட்டீங்களா?" என்றார். எங்கள் தொழில் வழக்கத்தைச் சொன்னேன். போகிற வாடகை ஓனருக்கு, வருகிற வாடகை டிரைவருக்கு. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். அவருடைய அப்பா தேங்காய் லாரி வைத்திருந்தாராம். அதே வழக்கம்தான் அங்கும் என்றார். கோர்ட்டில் இருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள்.

"அப்ப என்ன முன்னெச்சரிக்கை எடுத்தீங்க?"

"ஒவ்வொரு தடவை வண்டி திரும்பினதும் நானே பெட்டியைத் திறந்து, பார்த்து, கழுவி நிறுத்துவேன்."

"ஒரு தடவைகூடச் சந்தேகப்படுற மாதிரி எதுவும் இல்ல?"

"இல்லை."

"டிரைவர் எப்படிப்பட்ட ஆள்?"

நேர்மையானவன் என்றேன். பீடி சிகரெட் கிடையாது, யாருமில்லாத பிணத்தையும் சொந்தக்காரன்போல் தூக்குவான், அந்தப் பெட்டிக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரிந்திருந்தால் அவன் வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டான் என்றேன். மொக்கராசைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை நான் ஒருசேரச் சொன்னதில்லை. துட்டி வீட்டில்கூடச் சொல்லவில்லை. அங்கே சொன்னால் பதிவு செய்துகொள்ள ஆள் இல்லை.

வெளியே வந்ததும் நிர்மலா, "நல்லாச் சொன்னீங்க" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 24

உத்தரவு வந்துவிட்டது. வண்டி விடுதலை.

மகஜரில் நேரம் தவறு, முத்திரை பொருந்தவில்லை, ஓனரின் சாட்சியம் அசைக்கப்படவில்லை. போதுமணி அடுப்படியில் இருந்து வந்து தரையில் உட்கார்ந்து, படிக்கச் சொன்னாள். முழுவதும் படித்தேன். ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

"மேற்படி வாகனத்தின் பொறுப்பில் இருந்த காலஞ்சென்ற மொக்கராசுக்கு, பெட்டியில் இருந்த பொருளைப் பற்றித் தெரிந்திருந்தது என்று கருதுவதற்கு இடமில்லை."

"இன்னொரு தடவ."

படித்தேன்.

"அப்ப என் தம்பி தப்புச் செய்யலைன்னு கோர்ட்டே சொல்லிருச்சா?"

"இது வண்டி சம்பந்தப்பட்ட உத்தரவு. அவன் வழக்கு வேற."

"ஒரே பெட்டி தானங்க."

"சட்டத்துல வேற வேற."

தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியும், ஆனால் கோர்ட் தமிழ் அவளுக்கு வராது. பிறகு, "ஒத்துக்கிட்டுருந்தா தைக்கு வந்துருப்பான்" என்றாள்.

"அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாது. அவனேதான் வேண்டாம்னு..."

"எங்கிட்டச் சொன்னான். புரட்டாசியில நான் பாக்கப் போனப்பவே சொன்னான். 'வண்டிக்காக ரெண்டு வாய்தா பொறுத்துக்கன்னு மாமா சொல்றாருக்கா, நான் என்ன செய்ய'ன்னு கேட்டான்."

நான் உத்தரவை மடித்தேன். ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"மாமா சொன்னாக் கேளுடான்னேன்."

அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்தது. அவள் எழவில்லை. நான் போய் அணைத்தேன்.

ஜூலை 29

வண்டியை எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். போதுமணி அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எங்கே நிறுத்துவது என்று இன்னும் தெரியவில்லை.

ஜமுக்காளம் மக்கி, கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. நான்கு டயரும் தரையோடு படிந்துவிட்டன. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. பேட்டரியைக் காணவில்லை, பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டரையும் காணவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே வேப்பஞ்சருகு. எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. இழுத்துப் போக ராஜபிரபு ஒரு டிராக்டர் அனுப்பியிருந்தான்.

தங்கப்பாண்டி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். இன்றைக்கு அவர் என்னை அமரர் என்று கூப்பிடவில்லை.

"நான் சொல்றத அப்படியே எழுதுங்க சார். மேற்படி வழக்கில் கைப்பற்றப்பட்ட எனது வாகனத்தை..."

எழுதினேன்.

"...கைப்பற்றப்பட்டபோது இருந்த அதே நிலையில்..."

எழுதினேன்.

"...எந்தவிதச் சேதமும் குறைவும் இல்லாமல் இன்று முழுமையாகப் பெற்றுக்கொண்டேன். கீழ கையெழுத்து."

ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தேன். டிராக்டர்காரன் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். எந்தவிதச் சேதமும் குறைவும் இல்லாமல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.